உவர்மண்ணும் துறைக்கல்லும்

பங்குனி மாதத்து விடியற்காலை. பரமக்குடிக்குத் தெற்கே, வற்றிக் கிடந்த ஒரு கண்மாயின் கரையோரமாக நடந்துகொண்டிருந்தோம். ராத்திரியில் யாரோ சுண்ணாம்பைத் தூவிவிட்டுப் போனதுபோல் தரை வெள்ளை பூத்திருந்தது. உடன் வந்த பெரியவர் குனிந்து, அந்த வெள்ளையை விரல் நுனியில் எடுத்து நாக்கில் வைத்தார். "இது உப்பு தம்பி, ஆகாது" என்று துப்பினார். இருபது முப்பது அடி தள்ளிப் போய் மறுபடியும் தொட்டு வைத்தார். "இது உவரு. நாக்குல வழுக்குது பாருங்க."

நானும் வைத்துப் பார்த்தேன். முதல் இடத்து மண் வெறும் கரிப்பு. இரண்டாவதில் கரிப்புக்குப் பின்னால் லேசான கசப்பு, அதற்கும் பின்னால் சோப்புத் தண்ணீர் பட்டதுபோல் ஒரு வழவழப்பு. எழுபது வயதைத் தாண்டிய அந்தப் பெரியவர் பள்ளிக்கூடத்துக்குப் போனவரில்லை. அவருடைய நாக்கு பிரித்துச் சொன்னது சோடியம் குளோரைடையும் சோடியம் கார்பனேட்டையும்.

துணி துவைப்பதைப் பற்றி ஆராய வேண்டும் என்று நான் கிளம்பியபோது, உழைப்பைப் பற்றித்தான் எழுதப்போகிறேன் என்று நினைத்திருந்தேன். அந்தக் காலை நேரத்துக்குப் பிறகு அப்படி எழுத முடியவில்லை. இயந்திரம் வருவதற்கு முன் தமிழ்நாட்டில் துணி வெளுத்தவர்கள் வேதியியல் தெரிந்தவர்கள். அந்த அறிவுக்கு நம் சமூகம் கொடுத்த கூலி தீட்டு. இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

உவர் எப்படிப் பூக்கிறது? மழைக்காலத்தில் மண்ணுக்குள் இறங்கிய நீர் உப்புகளைக் கரைத்து வைத்துக்கொள்கிறது. வெயில் ஏறத் தொடங்கியதும், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல், மண் துகள்களுக்கு இடையே அந்த நீர் மேலே ஏறி ஆவியாகிவிடுகிறது. கரைந்திருந்த உப்பு தரைமேல் தங்கிவிடுகிறது. எந்த உப்பு தங்கும் என்பது அந்த நிலத்தின் பாறையையும் வடிகாலையும் பொறுத்தது. சோடியம் கார்பனேட்டும் பைகார்பனேட்டும் மிகுந்த இடம்தான் வெளுப்புக்கு ஆகும் நிலம். பயிர் விளையாத அந்த நிலத்தைக் குடியானவர் களர் என்று ஒதுக்குவார். வெளுப்பவர் அதைத் தேடிப் போவார். காலையில் காற்று எழுமுன் மேலாகச் சுரண்டி எடுப்பது வழக்கம். ஆழமாகச் சுரண்டினால் சாதா மண்ணும் சேர்ந்து துணியில் கறையேறும்.

இதே பூப்பைச் சித்த மருத்துவம் பூநீறு என்று அழைக்கிறது. பங்குனி, சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி, பொழுது புலரும் முன் அதைச் சேகரிக்கச் சொல்கிறது அந்த மரபு. சித்தர் கையில் அது மருந்தானது, ரகசியமானது. வண்ணார் கையில் இருந்தபோது அதை யாரும் அறிவு என்று அழைக்கவில்லை.

சொல்லிலும் இந்த வரலாறு ஒளிந்திருக்கிறது. இலங்கைத் தமிழர் சோப்பை இன்றும் சவர்க்காரம் என்கிறார்கள். நம் ஊர்ப் பாட்டிமார் சவுக்காரம் என்பார்கள். சவர் என்றால் உவர்ப்பு. பிறநாட்டுக் கட்டி சோப்பு நம் கரைக்கு வந்து இறங்கியபோது, வண்ணாரின் மண்ணை நினைவூட்டும் பெயரிலேயே அதை வரவேற்றிருக்கிறோம்.

இந்த அறிவு எவ்வளவு பழையது என்று தெரிந்துகொள்ளச் சங்க இலக்கியமே போதும். ஔவையார் பாடிய புறநானூற்று 311ஆம் பாட்டில், களர் நிலத்தில் தோண்டிய கிணற்று நீரில் புலைத்தி நாள்தோறும் வெளுத்துத் தந்த தூய வெள்ளாடை வருகிறது. ஏன் களர் நிலத்துக் கிணறு? குடிக்க ஆகாத அந்த நீரில் காரம் தானாகவே கரைந்திருக்கும் என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. குறுந்தொகை 330இல் இன்னும் நுட்பமான காட்சி: கஞ்சிப் பசையில் தோய்த்து, கல்லில் அடித்து, குளிர்ந்த குளத்து நீரில் போட்ட துணியின் முறுக்கு இன்னும் பிரியாமல் கிடப்பதைப் பகன்றைப் பூவுக்கு உவமை ஆக்குகிறார் கழார்க் கீரன் எயிற்றியார். நீரில் போட்ட முறுக்குத் துணி எப்படிக் கொஞ்சங்கொஞ்சமாக விரியும் என்று கரையில் நின்று கவனித்தவருக்குத்தான் இந்த உவமை கிடைக்கும். இரண்டு பாட்டிலும் துவைப்பவர் பெண். இதைப் பின்னால் மறந்துவிடக் கூடாது.

இனி வெள்ளாவி. அதை ஒரு முறையாவது பக்கத்தில் நின்று பார்க்காதவருக்கு எழுத்தில் காட்டுவது கடினம், ஆனாலும் முயல்கிறேன். பெரியவர் எனக்காக ஒரு சின்ன வெள்ளாவி வைத்துக் காட்டினார். உவர்மண்ணைத் தண்ணீரில் கரைத்து, கசடு அடியில் தங்கியதும் மேல்தெளிவை இறுத்து எடுத்தார். துணிகளை அதில் முக்கி, சொட்டாத அளவுக்குப் பிழிந்து வைத்தார். மண் அடுப்பில் வாயகன்ற பானை, அதில் பாதிக்குத் தண்ணீர். பானையின் கழுத்தைச் சுற்றி மேடை மாதிரி மண் பூசியிருந்தது. அந்த மேடையில் துணிகளை வட்டமாக, நடுவே ஆவி ஏற வழிவிட்டு, கோபுரம்போல் அடுக்கினார். அழுக்கு கூடிய வேட்டியும் போர்வையும் அடியில். மெல்லிசுத் துணி மேலே. மொத்தத்தையும் ஒரு பழைய சமுக்காளத்தால் மூடிக் கட்டி, அந்தி மங்கும் நேரத்தில் தீ மூட்டினார். முள் விறகு. எரியவும் கூடாது, அணையவும் கூடாது என்கிற தீ. ராத்திரி ஒன்பது மணிக்குச் சமுக்காளத்தின் உச்சியில் கைவைத்துப் பார்த்து, "ஆவி தலைக்கு வந்துருச்சு" என்றார். அதற்குப் பிறகும் ஒரு மணிநேரம் எரிந்தது. பின் தீயை இழுத்துவிட்டு, மூடியது மூடியபடியே விடியும் வரை விட்டுவிட்டார்.

உள்ளே நடப்பது இதுதான். நம் உடம்பில் சுரக்கும் எண்ணெய்ப் பசையில் கொழுப்பு அமிலங்கள் இருக்கின்றன. சூடும் காரமும் சேர்ந்து கிடைத்தால் அவை சோப்பாக மாறுகின்றன. வெளியிலிருந்து சோப்பு போடத் தேவையில்லை, துணியின் அழுக்கே சோப்பாகி மிச்ச அழுக்கை இளக்குகிறது. தையல் மடிப்புக்குள் குடியிருக்கும் சீலைப்பேனும் அதன் முட்டையும் அந்த ஆவியில் பிழைக்காது. அம்மையும் பேதியும் ஊரைச் சூறையாடிய காலங்களில், நோய் கண்ட வீட்டுத் துணியை ஏற்றுக்கொண்டு கிருமி நீக்கித் திருப்பித் தந்தவர்கள் ஊருக்கு வெளியே குடியிருந்த இந்த மனிதர்கள். கிருமி என்ற கருத்தே பிறக்காத காலத்திலிருந்து இதைச் செய்துவந்திருக்கிறார்கள்.

1959இல் ஜெர்மனியின் ஹென்கெல் நிறுவனத்தைச் சேர்ந்த ஹெர்பர்ட் சின்னர் என்ற வேதியியலாளர், துப்புரவு எதுவானாலும் நான்கு காரணிகளின் கூட்டு என்று வகுத்துச் சொன்னார்: வேதிப்பொருள், வெப்பம், விசை, நேரம். ஒன்றைக் குறைத்தால் மற்றொன்றைக் கூட்டியாக வேண்டும். உலகம் முழுவதும் சலவை நிலையங்களிலும் துப்புரவுப் பயிற்சிகளிலும் இன்றும் இது பாடமாக இருக்கிறது. இந்த நான்கையும் வைத்து வெள்ளாவியைப் பார்த்தால் கணக்கு சரியாக வருகிறது. வேதிப்பொருள் உவர். வெப்பம் ஆவி. நேரம் ஒரு முழு இரவு. இந்த மூன்றையும் தாராளமாகக் கொடுத்துவிட்டதால் நான்காவதான விசையைக் கூடிய மட்டும் குறைக்கலாம். விடிந்ததும் துணியைப் பெரியவர் கல்லில் ஐந்தாறு முறைதான் அடித்தார். வெள்ளாவி வைக்காத துணி என்றால் இருபது அடியாவது வேண்டும் என்றார். அடிப்பதைக் குறைப்பதற்காகவே ஆவி. தோளையும் முதுகையும் காப்பாற்றிக்கொள்ள அறிவு கண்டுபிடித்த வழி அது. அதைத் தெரியாதவர்தான் துவைப்பதை வெறும் முரட்டு வேலை என்று நினைப்பார்.

கல்லில் அடித்தால் துணி கிழியும் என்று படித்தவர்கள் குறைபட்டுக்கொள்வது வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே உண்டு. பொத்தான் உடையும், உண்மைதான். ஆனால் பருத்திக்கு ஒரு விசேஷ குணம் இருக்கிறது: நனைந்தால் அதன் இழை உலர்ந்த நிலையைவிட வலுக்கூடும். மடித்து முறுக்கிய ஈரத்துணி கல்லில் விழும்போது, நெசவின் இடுக்குகளில் இருக்கும் நீர் அழுக்கோடு பிதுங்கி வெளியே பாய்கிறது. மீண்டும் நீரில் அமிழ்த்தும்போது புது நீர் புகுகிறது. முன்பக்கம் கதவு வைத்த சலவை இயந்திரமும் துணியை மேலே தூக்கிக் கீழே விழவைத்து இதையேதான் செய்கிறது. செயற்கைப் பட்டான ரேயான் இதற்கு நேர்மாறு. நனைந்தால் வலுவில் பெரும்பங்கை இழந்துவிடும். கல்லில் கிழிந்ததாகப் பழி வந்த துணிகளில் எத்தனை ரேயான் என்று யார் கேட்டார்கள்? துணி மாறியதைச் சொல்லாமல் கொடுத்துவிட்டு, துவைத்தவர் மேல் குற்றம் சுமத்தினோம்.

பட்டும் கம்பளியும் கல்லுக்கும் போகாது, உவருக்கும் போகாது. அவை புரத இழைகள். காரம் அவற்றைத் தின்றுவிடும். அதற்குத்தான் பூந்திக்கொட்டை. அதன் தோலில் உள்ள சபோனின் நுரைக்கும், அழுக்கை இழுக்கும், ஆனால் காரமில்லை. கடினநீரில் சோப்பு திரிதிரியாகத் திரிந்து துணியில் ஒட்டிக்கொள்ளும். பூந்திக்கொட்டை அப்படித் திரியாது. காஞ்சிபுரம் பட்டைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் மிஞ்சியிருக்கிறது. இழைக்கேற்ற பொருள் என்ற விதியை நம் வீட்டுப் பெண்களும் வண்ணாரும் சோதனைச் சாலை இல்லாமலே கண்டுவைத்திருந்தார்கள்.

வெளுத்த பிறகும் வேலை முடிவதில்லை. பழகிய பருத்தி மஞ்சள் தட்டும். நீல ஒளியை அது குறைவாகத் திருப்பி அனுப்புவதுதான் காரணம். அலசும் கடைசித் தண்ணீரில் கொஞ்சம் நீலம் கலந்தால் மஞ்சள் மறைந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும். துணி திருப்பி அனுப்பும் மொத்த ஒளி என்னவோ சற்றுக் குறையத்தான் செய்கிறது. கண் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. இன்றைய பொடிகளில் சேர்க்கும் ஒளிர்விப்பான்கள் வேறு வழியில் போகின்றன: கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை விழுங்கி நீல ஒளியாக உமிழ்கின்றன.

கஞ்சியைப் பற்றி ஒரு விஷயம். விறைப்புக்கும் பகட்டுக்கும் போடுவது என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். பெரியவர் சொன்ன விளக்கம் வேறு. "கஞ்சி போட்ட வேட்டியில அழுக்கு கஞ்சி மேல உக்காரும். அடுத்த வெளுப்புல கஞ்சி கழண்டா அழுக்கும் கழண்டுரும்." நூலைச் சுற்றி மாவுப்பொருள் ஒரு மெல்லிய தோல்போல் படிகிறது, அழுக்கு நூலைத் தொடாமல் அந்தத் தோலோடு நின்றுவிடுகிறது. அடுத்த வாரத்து வேலையை இந்த வாரமே இலேசாக்கி வைக்கும் ஏற்பாடு அது. கஞ்சிப்பசை பற்றிப் பாடிய சங்கப் புலவர்களுக்கும் இது தெரிந்திருக்கலாம்.

எல்லாவற்றையும் விடக் கடினம் உலர்த்துவது. அது மனிதர் கையில் இல்லை. அறுபத்து மூவரில் ஒருவரான திருக்குறிப்புத் தொண்ட நாயனாரின் கதை இந்தத் தொழிலின் மிகப்பெரிய அச்சத்தைச் சுற்றியே நெய்யப்பட்டிருக்கிறது. காஞ்சிபுரத்தில் சிவனடியார்களின் துணியை வெளுத்துக் கொடுப்பதையே தொண்டாகக் கொண்டவர் அவர். குளிர்காலத்தில் மெலிந்த கிழவராக வந்த இறைவன் தன் ஒரே கந்தையைக் கொடுத்து, பொழுது சாயுமுன் திருப்பித் தர வேண்டும் என்கிறார். துவைத்தாயிற்று. மழை பிடித்துக்கொள்கிறது, விடவில்லை. கிழவர் குளிரில் நடுங்குகிறார். சொன்ன சொல் தவறிய துயரத்தில் நாயனார் துவைக்கும் கல்லிலேயே தலையை மோதிக்கொள்ளப் போகிறார். கல்லிலிருந்து ஒரு கை எழுந்து தடுக்கிறது. சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லும் இந்தக் கதையைப் பக்தியாகப் படித்தவர்கள் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஊர்த் துணியை ஈரத்தோடு வீட்டில் குவித்து வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்திருந்த ஒரு குடும்பத்தின் பதைப்பாகவும் அதைப் படிக்கலாம்.

அந்தக் கல்லுக்கு வரியும் இருந்தது. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைக் கொடையாக அளித்ததைக் குறிக்கும் சோழர் செப்பேடு, ஹாலந்தின் லெய்டன் நகருக்குப் போய்ச் சேர்ந்து லெய்டன் செப்பேடு என்றே பெயர் பெற்றது. அதில் அடுக்கப்பட்டிருக்கும் வரிகளில் ஒன்று வண்ணாரப்பாறை. துணி வெளுக்கும் பாறைக்கு வரி வாங்கும் அளவுக்கு இந்தத் தொழில் அரசுக்கு வருமானமாக இருந்திருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஊர்நிலக் கணக்கின் நடுவே வண்ணாரச்சேரி தனியாகக் குறிக்கப்படுகிறது. வரிக்கு ஊருக்குள், குடியிருப்புக்கு ஊருக்கு வெளியே.

பிறகு கடல் வழியாக வணிகர் வந்தார்கள். ஆங்கிலேயக் கம்பெனி 1639இல் மதராசில் இடம் வாங்கியது துணிக்காக. தறியிலிருந்து இறங்கிய துணி பழுப்பாக, பாவுக்குப் போட்ட கஞ்சியோடு, இழையின் இயற்கை மெழுகோடு இருக்கும். அதைக் கப்பலேற்றுவதற்கு முன் வெளுக்க வேண்டும். நல்ல தண்ணீரும் திறந்த வெளியும் இருந்த வடக்குப் பகுதியில் வெளுப்பவர்கள் குடியமர்ந்த இடம் வண்ணாரப்பேட்டை. இன்று மெட்ரோ நிலையப் பெயர்ப்பலகையில் அந்தப் பெயரைப் படிக்கிற எத்தனை பேருக்கு, சென்னை நகரமே ஒரு துணி வியாபாரத்தின் விளைவு என்பதும், அந்த வியாபாரத்தின் கடைசிக் கை வண்ணாருடைய கை என்பதும் நினைவுக்கு வரும்? 1734இல் கம்பெனி உண்டாக்கிய சிந்தாதிரிப்பேட்டையிலும் நெசவாளரோடு வெளுப்பவர்களும் குடியேற்றப்பட்டார்கள்.

அதே காலத்து ஐரோப்பாவில் லினன் துணியைக் காரத்தில் வேகவைத்து, புளித்த மோரில் ஊறவைத்து, புல்வெளியில் மாதக்கணக்கில் விரித்துப்போட்டுத்தான் வெளுத்தார்கள். காரத்துக்கு அவர்கள் கடற்செடிச் சாம்பலை நம்பியிருந்தார்கள். அது போதாமல் போகவே, சாதாரண உப்பிலிருந்து சோடா செய்யும் வழி கண்டுபிடிப்பவருக்குப் பரிசு என்று பிரெஞ்சு அறிவியல் கழகம் 1775இல் அறிவித்தது. நிக்கோலா லெப்ளாங்க் 1791இல் அதற்கு உரிமம் பெற்றார். நவீன வேதித்தொழிலின் தொடக்கமாக அதைப் பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. கிளாட் பெர்த்தொலே 1785இல் குளோரின் வெளுப்பைக் காட்ட, 1799இல் பிளீச்சிங் பவுடர் பிறந்தது. சோடாவைத் தேடியவர்களுக்கு அங்கே பரிசு அறிவிப்பும் உரிமமும். இங்கே அதை நிலத்திலிருந்து நாக்கால் கண்டறிந்தவர்களுக்கு என்ன கிடைத்தது?

வெளுப்பவர்கள் அறுவடைக் களத்தில் நெல் பெற்றார்கள். அந்தியில் வீடுவீடாகப் போய்ச் சோறு வாங்கினார்கள். காசுக்கூலி வெகுகாலம் கழித்து வந்தது. பெண் வயதுக்கு வந்த வீட்டுக்கு மாத்துத் துணி கொண்டுபோக வேண்டும். சாவு வீட்டில் பாடைக்குத் துணியும் ஊர்வலத்தில் நடைபாவாடையும் விரிக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் கல்யாண வீட்டுக்கும் சாவு வீட்டுக்கும் வெள்ளை கட்டுவது கட்டாடி எனப்படும் வெளுப்பவரின் கடமை. பிறப்பு, பூப்பு, இறப்பு என்று உடம்பிலிருந்து கசியும் எல்லாவற்றையும் துடைத்து எடுத்தவர்கள் அவர்கள். துணியில் இருந்த கறை போயிற்று. எடுத்தவர் மேல் தீட்டு நின்றது. இந்தத் தர்க்கத்தின் கொடுமையை எத்தனை முறை யோசித்தாலும் மனம் ஆறவில்லை.

அதன் அடிமட்டத்தில் இருந்தவர்கள் புதிரை வண்ணார். தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்ட சாதியாரின் துணியை வெளுத்தவர்கள். திருநெல்வேலிச் சீமையில் இவர்கள் பகலில் வெளியே வரக்கூடாது, கண்ணில் படுவதே தீட்டு என்று ஒதுக்கப்பட்டதை 1932இல் வந்த ஒரு பத்திரிகைச் செய்தி பதிவுசெய்திருக்கிறது. இரவில் துவைத்தவர்களுக்கு வெயில்கூட மறுக்கப்பட்டிருக்கிறது. வெளுப்புத் தொழிலுக்கு வெயில் எவ்வளவு முக்கியம் என்று தெரிந்தால் இந்தத் தடையின் முழுக் கனமும் புரியும். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' நாவல் 1994இல் வந்தபோதுதான் தமிழ் வாசகர்கள் பலர் இந்த வாழ்வை உள்ளிருந்து பார்த்தார்கள். புதிரை வண்ணாருக்கு நல வாரியம் 2009இல்தான் அமைந்தது. வண்ணார் என்ற பெயருள்ளவர்கள் கன்னியாகுமரி மாவட்டத்திலும் செங்கோட்டை வட்டத்திலும் பட்டியல் சாதியினர். மற்ற இடங்களில் மிகவும் பிற்படுத்தப்பட்டோர். கல் ஒன்றுதான், காரம் ஒன்றுதான். சான்றிதழ் மட்டும் எல்லைக்கு எல்லை மாறுகிறது.

எழுத்தறிவு மறுக்கப்பட்டவர்கள் தங்களுக்கென ஒரு குறியெழுத்தை வைத்திருந்தார்கள். சேங்கொட்டையின் சாற்றைக் குச்சியால் தொட்டுத் துணி ஓரத்தில் இடும் புள்ளியும் கோடும்தான் வண்ணான் குறி. நூறு வீட்டுத் துணி கலந்தாலும் எந்த வேட்டி எந்த வீட்டுக்கு என்று அது சொல்லும். உவரிலும் ஆவியிலும் வெயிலிலும் அது அழியாது. சேங்கொட்டை, மாவும் முந்திரியும் சேர்ந்த குடும்பத்து மரம். அதன் சாறு தோலைப் புண்ணாக்கும். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்குக் கழுத்துப்பட்டியும் இடுப்புப் பட்டையும் படும் இடங்களில் தடிப்பு வந்தபோது, மருத்துவர்கள் ஆராய்ந்து இந்தக் குறிமையில் வந்து நின்றார்கள். சிப்பாய்க்கு வந்த அரிப்பு மருத்துவ இதழில் ஏறியது. அந்த மையைத் தினமும் கையாண்டவரின் விரல்களை யாரும் படம்பிடிக்கவில்லை.

இந்தத் தொழில் பரவிய தடம் தமிழ்நாட்டுக்கு வெளியேயும் கடல் தாண்டியும் போகிறது. டச்சுக்காரர் தங்கள் படையாட்களின் துணி வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துச் சென்ற வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் கொச்சிக் கோட்டைப் பகுதியில் இன்னும் கையால் துவைக்கிறார்கள். அப்படித்தான் அவர்களே தங்கள் வரலாற்றைச் சொல்கிறார்கள். அங்கே கொடிக்கயிற்றைக் கவனித்திருக்கிறேன். இரண்டு புரியாக முறுக்கிய கயிறு. துணியின் நுனியைப் புரிகளுக்கு இடையே செருகிவிடுகிறார்கள். கிளிப் இல்லை, துருக்கறை இல்லை. காற்று பலமாக அடித்தால் முறுக்கு இன்னும் இறுகிப் பிடிக்கிறது. சிங்கப்பூரில் டோபி காட் என்று ரயில் நிலையத்துக்குப் பெயர் இருக்கிறது. அங்கே ஓடையில் துவைத்தவர்களில் மதராஸ் பக்கத்தார் இருந்தார்கள்.

எது இந்தத் தொழிலை முடித்தது? சலவை இயந்திரம் என்று பலரும் சொல்வார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களைப் பொறுத்தவரை நான் அதை ஒப்பமாட்டேன். இயந்திரம் வருவதற்கு வெகுநாள் முன்பே இரண்டு பொருள்கள் வந்துவிட்டன. ஒன்று பாலியெஸ்டர். டெரிலின் சட்டைக்கு உவர் வேண்டாம், கஞ்சி வேண்டாம், நீலம் வேண்டாம். வெள்ளாவியில் வைத்தால் சுருங்கிக் கெட்டுப்போகும். இரண்டாவது, கடையில் கிடைத்த சோப்பும் பொடியும். சன்லைட் சோப்பு 1888இல் கல்கத்தாத் துறைமுகத்தில் இறங்கியது. 1959இல் சர்ஃப் வந்தது. 1969இல் அகமதாபாத்தில் கர்சன்பாய் பட்டேல் நிர்மாவைத் தொடங்கி, ஏழை வீட்டுக்கும் பொடி எட்டும்படி செய்தார். சோப்பைப்போல் இந்தப் பொடிகள் கடினநீரில் திரிவதில்லை. ராமநாதபுரத்து உப்புக் கிணற்றடியிலும் நுரைத்தன. வண்ணாரின் நாக்கில் இருந்த வேதியியல் ஒரு காகிதப் பொட்டலத்துக்குள் வந்துவிட்டது.

ஊர்ச்சோற்றுக்கு நிற்க வேண்டியதில்லை என்று அடுத்த தலைமுறை அந்தத் தொழிலிலிருந்து விடுபட்டது பெரிய விடுதலை. அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஆனால் ஊரின் அழுக்கு எங்கும் போய்விடவில்லை. அது வீட்டுக் கிணற்றடிக்கு வந்தது, பெண்களின் கைக்கு வந்தது. அந்தப் பொட்டலத்தில் காரம் இருந்தது. ஆவியும் ஒரு முழு இரவும் இல்லை. சின்னரின் கணக்குப்படி, குறைந்த வெப்பத்தையும் நேரத்தையும் விசையால் ஈடுகட்ட வேண்டும். அந்த விசை என் அம்மாவின் தோளிலிருந்து வந்தது.

ஞாயிற்றுக்கிழமைக் காலைகள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. ஐந்து பேர் துணி இரண்டு வாளியில் ஊறும். கிணற்றிலிருந்து இறைத்து நிரப்பிய தொட்டி. அம்மா சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு, சாய்வான கல்லில் அப்பாவின் சட்டைக் கழுத்தை நீலக் கட்டி சோப்பால் தேய்த்து, நார்ப் பிரஷ்ஷால் உரைப்பாள். கழுத்துப்பட்டி, கைமடிப்பு, வேட்டியின் கரை, எங்கள் பள்ளிச் சட்டையின் மைக்கறை. பிழியும்போது நான் ஒரு முனையைப் பிடித்துக்கொள்வேன். அவள் எதிர்ப்பக்கம் முறுக்க, என் கையிலிருந்து துணி நழுவும். "நல்லாப் பிடிடா." அவளுடைய மணிக்கட்டு நரம்பு புடைத்து நிற்கும். மதியம் சோறு பிசையும்போது விரல் நுனிகள் வெளிறிச் சுருங்கியிருக்கும், உப்பு பட்டால் எரிகிறது என்பாள். அப்பா ஒருநாளும் அந்தக் கல்லின் பக்கம் வந்ததில்லை. எனக்கும் தங்கைக்கும் ஒரு வயதுதான் வித்தியாசம். பன்னிரண்டு வயதானதும் கல் அவளுக்குப் போயிற்று, எனக்கு விளையாட்டுத் திடல். இதை அன்று நான் கவனிக்கவே இல்லை. சங்கப் பாட்டில் துவைத்தவள் பெண், கண்மாயில் நீர் நின்ற காலத்தில் துறையில் பெரியவருக்குச் சமமாக நின்று அடித்தவர் அவர் மனைவி, கிணற்றடியில் என் அம்மா, பிறகு என் தங்கை.

அம்மாவுக்கு முதல் இயந்திரம் வாங்கியபோது அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. வெந்நீர் வைக்கும் குமிழைக் காட்டி, இது எதற்கு என்று கேட்டாள். எங்களில் யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. குளிர்ந்த நீரிலேயே ஓட்டினோம், கழுத்து அழுக்கு போகவில்லை என்று அவள் அதையும் கல்லில் தேய்த்துவிட்டுத்தான் உள்ளே போட்டாள். அந்தக் குமிழின் தொண்ணூறு டிகிரி என்பது வெள்ளாவிதான் என்று இப்போது தெரிகிறது.

பரமக்குடிப் பக்கம் இன்று துறைகளில் நீர் நிற்பதில்லை. கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் அடைந்து கிடக்கிறது. பெரியவர் தன் துறைக்கல்லை வாசலுக்குக் கொண்டுவந்து போட்டிருக்கிறார், வருகிறவர்கள் கால் கழுவிக்கொள்ள. பல்லாண்டுகள் துணி பட்டு அதன் நடுவில் ஒரு குழிவு. தண்ணீர் ஊற்றினால் அதில் தேங்கி நிற்கிறது.

கிளம்பும் முன் நோட்டை எடுத்துக்கொண்டு அவரிடம் கேட்டேன்: "ஐயா, ஒரு பொதித் துணிக்கு எவ்வளவு உவர்?"

"ரெண்டு கை."

எழுதிக்கொண்டேன். அவர் தலையசைத்து என்னை நிறுத்தினார். "அது பங்குனி மண்ணுக்கு. கோடை மழை ஒண்ணு பெஞ்சுருச்சுன்னா உரம் கொறஞ்சுரும், மூணு கை போடணும். ஆத்துத் தண்ணியா இருந்தா ஒண்ணரை போதும்." கொஞ்சம் யோசித்தார். பிறகு வாளியில் கரைத்து வைத்திருந்த தெளிவுநீரை என் பக்கம் நகர்த்தி, கையை உள்ளே விடச் சொன்னார். பெருவிரலையும் சுட்டுவிரலையும் நீருக்குள் தேய்த்துப் பார்க்கச் சொன்னார்.

"வழுக்குதா?"

"வழுக்குது."

"இன்னும் கொஞ்சம் வழுக்கணும்" என்று மேலும் ஒரு கிள்ளு உவரைப் போட்டுக் கலக்கினார்.